திரையில் பளிச், படத்தில் இருட்டு: கேமராவைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கடையில் போன மாதம் மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். தைப்பூசத்தன்று சாயங்காலம் ரதம் இழுக்கும்போது மேனுவல் மோடில், ஷட்டர் 1/15 வினாடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 100 வைத்து எடுத்தேன். எடுக்கும்முன் திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. படமோ இருட்டு, வடம் பிடித்தவர்களின் கைகால் கலங்கியிருக்கிறது. ரா ஃபைலை (கேமரா மெருகேற்றாத மூலப் படத்தை) கம்ப்யூட்டரில் திறந்தால் நிறமும் வெளிறித் தெரிகிறது. “எல்லா கேமராவும் இப்படித்தான், ரிட்டர்ன் கிடையாது” என்கிறது கடை. பணம் திரும்பக் கிடைக்குமா? – சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கேமராவில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் இதை விற்கும்போதே கடைக்காரர் விளக்கியிருக்க வேண்டும்.

பல கேமராக்களில், நீங்கள் வைத்த ஷட்டர், ஐஎஸ்ஓ எதுவானாலும், கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் திரை தானே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். மெனுவில் இதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. கேனானில் ‘எக்ஸ்போஷர் சிமுலேஷன்’, சோனியில் ‘செட்டிங் எஃபெக்ட்’. அதை ஆன் செய்யுங்கள், வரப்போகும் இருட்டு முன்கூட்டியே தெரியும். பிளாஷ் போடும்போது மட்டும் ஆஃப் செய்துவிடுங்கள். பிளாஷ் வெளிச்சத்தைத் திரையால் முன்கூட்டிக் காட்ட முடியாது. ராத்திரியில் திரையே கண்ணை ஏமாற்றும் என்பதால் ஹிஸ்டோகிராமை, அதாவது இடப்பக்கம் இருட்டும் வலப்பக்கம் வெளிச்சமுமாகக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள்: மேடு முழுக்க இடது ஓரத்தில் ஒட்டியிருந்தால் படம் இருட்டுதான்.

கலங்கலுக்குக் காரணம் 1/15. அந்த நேரத்துக்குள் வடம் பிடித்தவர்களின் கை நகர்ந்த தூரம் முழுவதும் ஒரே படத்தில் பதிந்துவிடும். திரை அதை அப்படியே காட்டாது. ஷட்டரை 1/250, ஐஎஸ்ஓவை 3200 என்று வைத்தால் அசைவு நிற்கும், வெளிச்சமும் முன்னைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டும், பரவாயில்லை.

நிறம் சின்ன விஷயம். கேமராத் திரை காட்டுவது நிறம் ஏற்றிய ஜேபெக். ரா ஃபைலுக்கு நிறத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு சோதனை செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் கேமராவை மேசைமேல் வைத்து, வெளிச்ச அளவைக் கேமராவே தீர்மானிக்கும் பி மோடில், பிளாஷ் இல்லாமல் ஜேபெக் எடுங்கள். அப்போதும் அதே திரையில் முன்பார்வையும் படமும் பெரிதாக மாறுபட்டால் கோளாறு என்று சந்தேகிக்கலாம். கடையில் அதைச் செய்து காட்டுங்கள். கோளாறு உறுதியானால் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு உங்கள் பக்கம். பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் ரிப்பேரா, வேறு கேமராவா, பணமா என்று தீர்மானிப்பது நீங்கள், கடை அல்ல. ‘ரிட்டர்ன் கிடையாது’ என்ற போர்டு இந்த உரிமையைப் பறிக்காது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கோளாறு இல்லை, பிடிக்கவில்லை என்றால் நேரில் வாங்கிய கடைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கட்டாயம் இல்லை. ஆன்லைனில் வாங்கியிருந்தால் 2002ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் 7 நாள் அவகாசம் தருகிறது. திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது.