பிளக் குத்த இடமிருக்கோ? வாகனம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஹைபிரிட் எஸ்.யூ.வி. பற்றியவை. எல்லாம் சொகுசு ரகம். எங்கடை சனம் முன்னேறிவிட்டது என்று சந்தோசம்தான். ஐந்தை மட்டும் எடுத்திருக்கிறேன். ஹைபிரிட் என்றால் பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்த கார். பிளக்-இன் என்றால் அதிலேயே பெரிய பற்றறி வைத்து, சுவர் பிளக்கில் குத்தி சார்ஜ் பண்ணுகிற வகை.

ஒன்ராறியோ மார்க்கத்தில் சொந்த வீடு, கராஜ் இருக்கிறது. வேலைக்குப் போய்வர 40 கிலோமீற்றர். கணவர் பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 பிளக்-இன் வாங்க வேணும் என்கிறார். எனக்கு லெக்ஸஸ் ஆர்.எக்ஸ். சாதாரண ஹைபிரிட் போதும். யார் சொல்வது சரி? (மார்க்கம் வாசகி)

தங்கச்சி, புருசன் பெண்சாதி சண்டைக்குள் தலையைக் கொடுக்க எனக்கு ஆசையில்லை. ஆனாலும் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன், இரண்டு பேரும் மேசையிலிருந்து பாருங்கோ.

சாதாரண ஹைபிரிட் ஆர்.எக்ஸ். 350எச் நூறு கிலோமீற்றருக்கு ஆறரை லீற்றரளவு குடிக்கும். உங்கள் 40 கிலோமீற்றருக்கு 2.6 லீற்றர். பெற்றோல் லீற்றர் 1 டொலர் 40 சதம் என்று வைத்தால் நாளுக்கு 3 டொலர் 64 சதம். அதே ஆர்.எக்ஸ்.சின் பிளக்-இன் வகை 450எச் பிளஸ் அந்தத் தூரத்தை கிட்டத்தட்ட 10 கிலோவாற் மணி மின்சாரத்தில் ஓடி முடிக்கும். ஹைட்ரோ (மின்சார) பில்லை நள்ளிரவு மலிவுக் கட்டணத் திட்டத்துக்கு மாற்றி, இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணிக்குள் சார்ஜ் பண்ணினால் ஒரு டொலருக்குள் அடங்கும். ஆக நாளுக்கு மிச்சம் மூன்று டொலருக்குச் சற்றுக் குறைவு. வருடத்தில் 250 வேலைநாள் என்றால் 700 டொலர் வரும். பிளக்-இன்னுக்கு 7,000 டொலர் கூடக் கொடுத்தீர்களென்றால் பத்து வருடம் ஓடினால்தான் காசு திரும்பும். இப்போது கையிலிருப்பது நூறுக்குப் பத்து லீற்றர் குடிக்கிற பெற்றோல் எஸ்.யூ.வி. என்றால் கணக்கு வேறு. அதோடு ஒப்பிட்டால் மிச்சம் வருடத்துக்கு ஆயிரம் டொலரைத் தாண்டும். ஆனால் அந்த மிச்சத்தில் ஐந்தில் இரண்டு பங்களவை சாதாரண ஹைபிரிட்டே தந்துவிடுமே.

அந்த நள்ளிரவுத் திட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. வார நாட்களில் பின்னேரம் 4 மணியிலிருந்து 9 மணிவரை மின்சார விலை நள்ளிரவு விலையைப் போலப் பத்து மடங்கு. வேலையால் வந்தவுடன் காரைக் குத்திவிட்டு, அடுப்பையும் உடுப்புக் காயவைக்கிற மெஷினையும் ஒன்றாகப் போடுகிற வீடென்றால் அந்தத் திட்டம் சரிவராது. காரில் நேரம் குறித்து வைக்கலாம். சமையலுக்கு அப்படி முடியாது.

இனி எக்ஸ்5. அது ஆறு சிலிண்டர், மோட்டரோடு சேர்த்து 483 குதிரைவலு. மின்சாரத்தில் மட்டும் 60 கிலோமீற்றரளவு போகும். ஓட்டிப் பார்த்தால் கணவரை நான் குறை சொல்லமாட்டேன், அருமையான கார். ஆனால் பற்றறி முடிந்தபிறகு அது நூறு கிலோமீற்றருக்குப் பத்து லீற்றருக்கு மேல் கேட்கும், அதுவும் பிரீமியம் பெற்றோல். பற்றறி காலியான ஆர்.எக்ஸ். 450எச் பிளஸ் ஏழுக்குள் நிற்கும். மொன்றியலுக்குப் போய்வருகிற குடும்பம் என்றால் 401 நெடுஞ்சாலையில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

சார்ஜருக்கென்று வீட்டு மின் பனலைப் பெருப்பிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதேங்கோ. முழு எலக்ட்ரிக் காருக்குத்தான் பெரிய லைன் தேவைப்படலாம். பிளக்-இன்னுக்கு 240 வோல்ற், 20 அம்பியர் லைன் ஒன்று இழுத்தாலே ஆர்.எக்ஸ்.சின் 18 கிலோவாற் மணி பற்றறி ஐந்து மணித்தியாலத்தில் நிரம்பும். சும்மா சுவரிலிருக்கிற 120 வோல்ற் பிளக்கில் குத்தினால் 13 மணித்தியாலம். உங்களுக்குப் பத்து யூனிற் (கிலோவாற் மணி) போதுமென்றபடியால் அதுகூட ஓரளவு சமாளிக்கும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனைப் பிடியுங்கோ, மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்தல் போட்டானா என்றும் கேளுங்கோ. தெரிந்த பெடியன் செய்து தருவான் என்ற கதை வேண்டாம்.

என் தீர்ப்பு: கராஜ் இருக்கிறது, தூரம் 40. பிளக்-இன் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் அது எக்ஸ்5 ஆக இருக்கத் தேவையில்லை. இரண்டு பேரும் பாதிப் பாதி வென்றதாக வைத்துக்கொள்ளுங்கோ.

ஸ்காபுறோவில் கொண்டோ (அடுக்குமாடி வீடு). நிலக்கீழ்ப் பார்க்கிங்கில் பிளக் கிடையாது. வொல்வோ பிளக்-இன் ஒன்றுக்கு நல்ல லீஸ் தருகிறார்கள். "ஓடும்போதே சார்ஜ் ஆகும், யோசிக்காதேங்கோ" என்கிறார் விற்பனையாளர். எடுக்கலாமா? (ஸ்காபுறோ வாசகர்)

எடுக்காதேங்கோ, தம்பி. பிறேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரம் திரும்பி வருவது உண்மை. அது சிக்னலிலிருந்து சிக்னல்வரை காரைத் தள்ளக் காணும், 18 யூனிற் பற்றறியை நிரப்பக் காணாது. எஞ்சினை வைத்தே பற்றறியை ஏற்றுகிற பட்டனும் சில கார்களில் இருக்கிறது. அப்படியென்றால் பெற்றோலை எரித்துத்தான் மின்சாரம் செய்கிறீர்கள். வொல்வோ எக்ஸ்.சி.60இன் பிளக்-இன் வகை 455 குதிரைவலு, நல்ல வேகம். ஆனால் சார்ஜ் இல்லாமல் ஓடினால் நூறுக்கு எட்டு லீற்றருக்கு மேல் போகும். பற்றறிப் பாரத்தைக் காவுவதற்கு நீங்கள் மாதாமாதம் காசு கட்டுவீர்கள்.

கொண்டோ உங்கள் பெயரில் என்றால் ஒரு வழி உண்டு. ஒன்ராறியோ அரசு 2018இல் கொண்டோ விதிகளை மாற்றியது. சார்ஜர் பூட்ட உரிமையாளர் எழுத்தில் விண்ணப்பித்தால் நிர்வாகசபை காரணமில்லாமல் தட்டிக்கழிக்க முடியாது. செலவு உங்களுடையது. உங்கள் பார்க்கிங் மின்னறையிலிருந்து தூரமென்றால் வயர் இழுக்கிற செலவே தலையைச் சுற்றவைக்கும். வாடகைக்கு இருக்கிறீர்களென்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு லெக்ஸஸ் என்.எக்ஸ். 350எச் அல்லது ஆர்.எக்ஸ். 350எச் பாருங்கோ. பிளக்கே தேவையில்லை. இரண்டும் நம்முடைய ஒன்ராறியோ கேம்பிரிட்ஜில்தான் செய்கிறார்கள். ஜப்பானுக்கு வெளியே முதன்முதலில் லெக்ஸஸ் செய்ததும் அந்தத் தொழிற்சாலைதான், 2003இல்.

அப்பா அம்மாவோடு சேர்த்து நாங்கள் ஏழு பேர். ஏழு இருக்கையுள்ள பிளக்-இன் எது நல்லது? (பிரம்டன் வாசகி)

லெக்ஸஸ் ரி.எக்ஸ். 550எச் பிளஸ் என்று ஓடிப்போய் முற்பணம் கட்டாதேங்கோ. மூன்று வரிசை இருந்தாலும் இருக்கை ஆறுதான், நடுவரிசையில் தனித்தனிக் கதிரை இரண்டு. ஏழாவது ஆளை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டிவரும். வொல்வோ எக்ஸ்.சி.90 பிளக்-இன்னில் ஏழு உண்டு. மின்சாரத்தில் 50 கிலோமீற்றரளவு ஓடும்.

ஆனால் கடைசி வரிசைதான் பிரச்சினை. டீலரிடம் போகும்போது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ, சேலையோடுதான். நடுக்கதிரையை மடித்து, அந்த இடுக்கால் ஒரு காலை உயர்த்தி வைத்து ஏறச் சொல்லுங்கோ. ஏறினாலும் இறங்கமுடியாமல் கைப்பிடி தேடுவா. அப்போது நடுவில் அம்மா அப்பா, பின்னால் பிள்ளைகள் என்று ஆகும். பிள்ளைகளின் கார் இருக்கை நடுவரிசையில் பூட்டியிருந்தால் கதிரை மடியாது. இதையெல்லாம் ஷோரூமில் ஒருவரும் சொல்லித்தரமாட்டார்கள், நீங்களே உங்கள் பிள்ளைகளின் இருக்கையைக் கொண்டுபோய்ப் பூட்டிப் பார்க்கவேண்டும்.

பிளக்-இன் வாங்கினோம். டிசெம்பரிலிருந்து பற்றறி முழுக்க இருந்தும் எஞ்சின் தானாக ஸ்ராட் ஆகிறது. பழுதா? (ஏஜாக்ஸ் வாசகர்)

எந்தக் கார் என்று எழுதவில்லை. ரொயோட்டா, லெக்ஸஸ் பிளக்-இன் என்றால் அது பழுதல்ல. வெளியில் மைனஸ் பத்தளவுக்குக் கீழே போனால் மின்சாரத்தில் சூடு தருகிற ஹீற் பம்ப் மட்டும் காணாமல் எஞ்சின் துணைக்கு வரும். மின்சாரத் தூரமும் குறையும். கோடையில் 60 ஓடியது குளிரில் 40ஐ ஒட்டி இறங்கினால் பயப்படத் தேவையில்லை. வெளிக்கிட முன்னம், கார் பிளக்கில் இருக்கும்போதே போன் செயலியால் உள்ளே சூடாக்கிவிடுங்கோ. அந்தச் சூடு சுவர் மின்சாரத்தில் வருகிறது, பற்றறி அப்படியே இருக்கும். கண்ணாடியில் ஐஸ் சுரண்டுகிற வேலையும் மிச்சம்.

"எக்ஸ்5 40i வாங்குங்கள், அதுவும் ஹைபிரிட்தான்" என்கிறார்களே? விலை ஒரு லட்சம் டொலருக்கு மேல் போகிறது, ஏதாவது வரி உண்டா? (மிசிசாகா வாசகர்)

அது 48 வோல்ற் மைல்ட் ஹைபிரிட். எஞ்சின் நின்று எழும்புவது மென்மையாக இருக்கும், கொஞ்சம் உந்தும். தனி மின்சாரத்தில் ட்ரைவ்வேயைக்கூடத் தாண்டாது. பென்ஸ் ஜி.எல்.ஈ. 450உம் அதே கதைதான், கடைசியில் ஈ எழுத்து இல்லாத வகையைச் சொல்கிறேன். அந்த ஈ வந்தால் பிளக்-இன்.

வரி உண்டு. 2022 செப்டெம்பர் 1இலிருந்து மத்திய அரசின் சொகுசு வரி. ஒரு லட்சம் டொலரைத் தாண்டிய தொகையில் 20 வீதம், அல்லது முழு விலையில் 10 வீதம், இரண்டில் குறைந்தது. காரின் விலை 112,000 என்றால் தாண்டிய 12,000இல் 20 வீதம் 2,400. அதற்கு மேலும் 13 வீத விற்பனை வரி (எச்.எஸ்.ரி.) ஏறும், எல்லாமாக 2,712. பெரிய றிம், மேலதிகப் பக்கேஜ் என்று ஒன்றொன்றாகச் சேர்க்கும்போதுதான் ஆட்கள் அந்தக் கோட்டைத் தாண்டுகிறார்கள். விலைச்சீட்டில் 98,000 நிற்கும்போது பேனாவைக் கீழே வையுங்கோ.

இன்னொன்று, ஆர்.எக்ஸ். கனடாவில் அதிகம் களவுபோகிற கார்களில் ஒன்று. எந்த மாடலை எடுத்தாலும், கையெழுத்து வைக்க முன்னம் அந்தக் காரின் இலக்கத்தைக் கொடுத்து இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்று எழுத்தில் வாங்குங்கோ. களவுத் தடுப்புக் கருவி பூட்டினால் கழிவு உண்டா என்றும் அப்போதே கேளுங்கோ.