மதுரை வெயிலில் டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டுக்குத் தொட்டி மாற்றுவது எப்படி?

மதுரைச் சூட்டை டென்ட்ரோபியம் தாங்கிவிடும். தொட்டி மாற்றிய ஒரு மாதத்தில் வேர் அழுகுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக, உள்ளே நிரப்பிய பொருள்தான் காரணம். செம்மண்ணும் தென்னைநார்த் தூளும் வேண்டவே வேண்டாம். மரத்தில் ஒட்டி வளரும் செடி இது. நனைந்த வேர் சீக்கிரம் காற்றுப்பட்டு உலர வேண்டும்.

கரி 2 பங்கு, ஓட்டுச்சில்லு 1 பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு 1 பங்கு, எல்லாம் நெல்லிக்காய் அளவில். கரியைத் தூள் போகக் கழுவுங்கள். மட்டையை 3 நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றினால் உப்பும் துவர்ப்பும் இறங்கிவிடும்.

பூ உதிர்ந்து, அடியில் வந்த புதுக்குருத்தில் வேர் எட்டிப்பார்க்கும் சமயமே சரி. அக்னி நட்சத்திரத்தில் கை வைக்காதீர்கள்.

தொட்டி பழையதைவிட 1 அங்குலம் அகலமானால் போதும். பெரிய தொட்டியில் நடுப்பகுதி காயாமல் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். மண்தொட்டியே நல்லது. இரவு முழுக்க நீரில் ஊறவைத்து, சுவர் துளைக்கும் ட்ரில்லை மெதுவாக ஓட்டிப் பக்கவாட்டில் 4 ஓட்டை போடுங்கள்.

செடியைப் பழைய தொட்டியோடு அரைமணி நேரம் நீரில் வைத்தால் வேர் இளகும். அப்படியும் சுவரோடு ஒட்டிய வேரைப் பிய்க்காமல், தொட்டியை உடைத்து அந்தச் சில்லோடே புதியதில் வைத்துவிடுங்கள். கத்தரியை நெருப்பில் காட்டி ஆறவிட்டு, கொழகொழத்த வேரை மட்டும் வெட்டுங்கள். பழுப்பாக இருந்தாலும் அழுத்தினால் கெட்டியாக இருக்கும் வேர் உயிருள்ளது. இலை உதிர்ந்த பழைய தண்டையும் பலர் வெட்டி எறிகிறார்கள். பச்சையாக இருக்கும்வரை புதுக்குருத்துக்கு நீரும் சத்தும் கொடுப்பது அதுதான், விட்டுவிடுங்கள்.

பழைய தண்டு விளிம்பை ஒட்டியும், குருத்து நடுவை நோக்கியும் இருக்கட்டும். தண்டின் அடி புதையக் கூடாது. குச்சி நட்டுக் கட்டுங்கள். செடி ஆடினால் புதுவேர் நுனி உரசிக் கருகும்.

3 நாள் தண்ணீர் ஊற்றாமல், காலையில் இலைமேல் தெளித்தால் போதும். 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கரிமேல் வெள்ளையாகப் படிந்து வேரைச் சுடும், மழைநீரோ ஆர்.ஓ. நீரோ ஊற்றுங்கள். புதுவேர் 2 அங்குலம் நீண்டபின், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம், லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை.

கொடைக்கானலிலிருந்து வாங்கிவந்த சிம்பிடியம் ஆர்க்கிட்டுக்கு இந்தப் பாடு வேண்டாம். இரவுக் குளிர் கிடைக்காமல் அது இங்கே மொட்டு வைப்பதில்லை.