செடியா, மண்ணா, நிலத்தோற்றமா: ஆய்வுத் துறை தேடும் மாணவர்களின் கேள்விகளுக்கு ஒரு மண்ணியலாளரின் பதில்கள்

வேளாண்மையும் கட்டடக்கலையும் படிக்கும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறினை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகள் மண்ணியல் கற்பித்தவன் நான். ஆகவே, எந்தக் கேள்விக்கும் மண்ணிலிருந்தே பதிலைத் தொடங்குவது என் வழக்கம்.

கேள்வி: ஐயா, இளநிலை வேளாண்மை இறுதியாண்டில் இருக்கிறேன். தாவரவியல், மண்ணியல், நிலத்தோற்ற வடிவமைப்பு ஆகிய மூன்றிலும் எனக்கு ஈடுபாடு உண்டு. முதுநிலை ஆய்வுக்கு எதைத் தேர்ந்தெடுக்கலாம்? (மாணவி, திருவாரூர்)

பதில்: முதலில் உங்கள் மனத்தை விட்டு அகலாத ஒரு சிக்கலைத் தேடிக்கொள்ளுங்கள் அம்மா, எந்தத் துறை வேண்டும் என்பதை அந்தச் சிக்கலே சொல்லிவிடும். பிச்சாவரத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970-கள் வரை அங்குள்ள அலையாத்திக் காடு பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டப்பட்டு வந்தது. வெட்டிய இடத்தில் காடு தானாகத் திரும்பி வளரும் என்று எதிர்பார்த்தார்கள். பல இடங்களில் அது வளரவில்லை. மரம் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. நீர் வற்றிய சேறு சுருங்கி அமிழ்ந்து, நிலம் நடுவில் பள்ளமான தட்டுப்போல ஆனது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச்சென்றது. அலையாத்தி மரம் உப்பைத் தாங்கும் என்பது உண்மையே; ஆனால், கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பேறிய சேற்றில், உப்பை நன்றாகத் தாங்கும் அலையாத்தி வகையான வெண்கண்டலின் நாற்றுகூடப் பிழைக்காது.

இதற்குத் தீர்வாக 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீனின் முள் வடிவத்தில் வாய்க்கால்களை வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள் என அமைந்த அந்த வழிகளில் அலை தினமும் உள்ளே வந்து வெளியேறி உப்பைக் கழுவியது. அதன் பிறகு நட்ட கன்றுகள் பிழைத்தன. நாற்று ஏன் சாகிறது என்று கேட்டவர் தாவரவியலாளர், உப்பை அளந்தவர் மண்ணியலாளர், நீரின் வழியை மாற்றியது நில வடிவமைப்பு. இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அங்கே இன்று காடு இராது. உங்கள் மாவட்டத்திலேயே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இருக்கிறது. ஒருமுறை படகில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: களர், உவர் என்ற இரண்டையும் எங்கள் ஊரில் ஒன்றாகவே சொல்கிறார்கள். வேறுபாடு என்ன? இதில் இன்னும் ஆய்வுக்கு இடம் உண்டா? (மாணவர், இராமநாதபுரம்)

பதில்: பெயர் குழம்பினால் மருந்தும் குழம்பிவிடும். கரையும் உப்புகள் மிகுந்தது உவர் நிலம். அதன் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் இருக்கும். களிமண் துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டிருப்பது களர் நிலம். அங்கே பரிமாற்றத்துக்குரிய சோடியம் 15 விழுக்காட்டைத் தாண்டும், கார அமில நிலை பெரும்பாலும் 8.5-க்கு மேல் இருக்கும். உவரை நல்ல நீர் கட்டி, வடிகால் வைத்துக் கழுவலாம். களரில் அப்படிச் செய்தால் நீர் உள்ளே இறங்காது. ஜிப்சம் இட்டு, அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றிய பிறகே கழுவ முடியும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் மழைநீரை எடுத்து, கோலிக்குண்டு அளவுள்ள காய்ந்த மண்கட்டி ஒன்றை மெல்ல இறக்கிவிட்டு அசைக்காமல் வையுங்கள். சற்று நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் ஒரு மூட்டம் கிளம்பிப் பரவினால், சோடியம் களித்துகள்களைப் பிரித்துவிடுகிறது என்று பொருள். கட்டி உதிர்ந்தும் நீர் தெளிவாக இருந்தால், ஆய்வகத்தில் உப்பை அளந்து பாருங்கள்.

ஆய்வுக்கு இடம் நிறையவே உண்டு. திருச்சி 1 போன்ற களர் தாங்கும் நெல் வகைகள் வந்துவிட்டன. தக்கைப்பூண்டை மடக்கி உழுவதன் பயனும் உழவர்களுக்குத் தெரியும். ஆனால், சீர்செய்த நிலம் அதே கிணற்று நீரால் எத்தனை பருவத்தில் மீண்டும் களராகிறது என்பதை வயல் வயலாகப் பின்தொடர்வதற்குப் பொறுமையுள்ள மாணவர்கள் தேவைப்படுகிறார்கள்.

கேள்வி: புயல் வந்தால் நகரத்து மரங்கள் இத்தனை எளிதாகச் சாய்வதற்குக் காரணம் மர வகையா, மண்ணா? (கட்டடக்கலை மாணவர், சென்னை)

பதில்: இரண்டும்தான்; ஆனால், மண்ணைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் கடந்த பிறகு, சாலையோரம் சாய்ந்து கிடந்த ஒரு இயல்வாகையின் அடியில் நான் நாடாவுடன் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஆள் உயரத்துக்கு மேலான அந்த மரத்தின் வேர்கள் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கீழே போகவே இல்லை. ஒரு பக்கம் சிமென்ட் திண்டை ஒட்டி வேர்கள் நேர்கோடாக மடங்கியிருந்தன. அடியில் செங்கல் துண்டுகளும் கெட்டிப்பட்ட சரளையும் கிடந்தன. கடப்பாரையே இறங்காத இடத்தில் வேர் எப்படி இறங்கும்?

நல்ல வயல்மண்ணின் பரும அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் இருக்கும். சாலை போடும்போது உருளையால் அழுத்தப்பட்ட மண் இதைவிட மிகவும் அடர்ந்துவிடுகிறது; வேர் துளைத்து இறங்குவதை மண் எதிர்க்கும் அழுத்தம், அதாவது ஊடுருவல் எதிர்ப்பு, 2 மெகாபாஸ்கலை நெருங்கும்போது பெரும்பாலான வேர்கள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன. சாலைப் பொறியாளருக்கு மண் கெட்டியாக வேண்டும், மரத்துக்கு இளக வேண்டும். இந்த முரணைத் தீர்க்க அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நினா பாசுக் குழுவினர் 1990-களில் ஒரு கலவையை உருவாக்கினார்கள். ஏறத்தாழ 80 பங்கு ஜல்லிக்கு 20 பங்கு மண் என்ற அந்தக் கலவையில் ஜல்லிகள் ஒன்றையொன்று தாங்கிப் பாரத்தைச் சுமக்கின்றன; இடைவெளிகளில் உள்ள மண்ணில் வேர் ஓடுகிறது. நம் கருங்கல் ஜல்லியையும் செம்மண்ணையும் கொண்டு, வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்கும் தெருக்களில் இது எப்படி நடந்துகொள்ளும் என்பது கட்டடக்கலை மாணவர் ஒருவரும் மண்ணியல் மாணவர் ஒருவரும் சேர்ந்து செய்யவேண்டிய அருமையான ஆய்வு.

கேள்வி: மியாவாக்கி காடுகளைப் பற்றி உங்கள் கருத்து என்ன? (பெயர் குறிப்பிடாதவர்)

பதில்: ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வலியுறுத்திய அடிப்படை, அந்தந்த மண்ணுக்குரிய இயல்பான மரங்களை நடுவது; நெருக்கி நடுவது அதற்கு அடுத்ததே. நம்மில் பலர் நெருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். சோழமண்டலக் கரையின் இயல்பான காடு, வீரை, காயா, உலக்கைப்பாலை போன்ற மெதுவாக வளரும் மரங்களைக் கொண்ட உலர் பசுமைமாறாக் காடு. புதுச்சேரிக்கு அருகே புத்துப்பட்டுக் கோயில் காட்டில் அதை இன்றும் காணலாம். இவற்றின் கன்றுகள் நாற்றங்கால்களில் எளிதில் கிடைப்பதில்லை. இவற்றின் விதை முளைப்பும் நாற்று வளர்ப்பும் பட்டமேற்படிப்பு ஆய்வுக்கு மிகத் தகுந்தவை. புல்வெளியையும் சதுப்பையும் வெற்றிடம் என்று கருதி மரம் நடுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் மரபணு ஆய்வகம் இல்லை. தாவர அறிவியலில் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? (மாணவர், தருமபுரி)

பதில்: உறுதியாக முடியும். 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நெல் வேரின் சாய்வைக் கட்டுப்படுத்தும் டிஆர்ஓ1 என்ற மரபணுவை விளக்கினார்கள். கினன்டாங் பட்டோங் என்ற மேட்டுநில நெல்லிலிருந்து, ஆழமில்லாத வேருள்ள ஐஆர் 64 என்ற நெல் வகைக்குள் அது கொண்டுவரப்பட்டபோது, வேர் செங்குத்தாக ஆழமிறங்கி வறட்சியைத் தாங்கியது. வேரின் சாய்வை அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கிண்ணம் போன்ற வலைக்கூடையில் மண் நிரப்பி விதையை ஊன்றி, எத்தனை வேர்கள் விளிம்பின் வழியாகவும் எத்தனை வேர்கள் அடியின் வழியாகவும் வெளிவருகின்றன என்று எண்ணினால் போதும். உங்கள் பகுதி மானாவாரி உழவர்களிடமுள்ள நாட்டு நெல், சாமை விதைகளை வாங்கி இந்தக் கணக்கை எடுங்கள். ஒரு வகைக்குப் பத்துக் கூடையாவது வையுங்கள். இரண்டு மூன்றை வைத்து எழுதும் ஆய்வேட்டை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கேள்வி: இயற்கை உரம் இட்டால் மண்ணின் கரிமம் கூடுகிறதா என்பதை இரண்டாண்டு ஆய்வேட்டில் நிறுவ முடியுமா? (மாணவி, மதுரை)

பதில்: இரண்டாண்டில் கிடைக்கும் வேறுபாடு பெரும்பாலும் மாதிரி எடுப்பதில் நேரும் பிழைக்குள் அடங்கிவிடும். அதனால்தான் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை ஆய்வு நடக்கிறது. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிலையான உரச் சோதனை வயலும் அத்தகையதே. வழிகாட்டிப் பேராசிரியர் மூலம் முறைப்படி கேட்டு, அத்தகைய வயல்களின் மண்ணில் வேலை செய்ய முயலுங்கள்.

வாய்ப்புக் கிடைக்காவிட்டால், கரிமத்தின் மொத்த அளவை விட்டுவிட்டு, நுண்ணுயிரிகளின் நொதிச் செயல்பாடு போன்று விரைவில் மாறுபவற்றை அளக்கலாம். ஆய்வு முடிந்ததும் மீதமுள்ள மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். நிழலில் உலர்த்தி, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் இட்டு, இடம், ஆழம், தேதி மூன்றையும் அழியாத மையால் எழுதித் துறையின் அலமாரியில் வைத்துவிடுங்கள். இருபது ஆண்டு கழித்து அதே வயலுக்குப் போகும் மாணவருக்கு, ஒப்பிடுவதற்கு அந்தப் புட்டி வேண்டும்.