அற்ப விஷயங்கள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் வரலாறு, பொருளாதாரம், அறிவியல் என்று அபுனைவு நூல்களே அதிகம் வாசிப்பவன். போன வாரம் என் புத்தக அலமாரியைப் பார்த்த தோழி, "இதில் பெண்கள் எழுதியது எங்கே?" என்று கேட்டாள். எண்ணிப் பார்த்தேன். 143 நூல்களில் நான்கு. அதில் ஒன்று அகராதி. வெட்கமாக இருந்தது. பெண்கள் எழுதிய அபுனைவு, தன்வரலாறு என்று பத்து நூல்கள் பரிந்துரைக்க முடியுமா? ஒரே ஒரு வேண்டுகோள்: புலம்பல் குறைவாகவும் தகவல் நிறைவாகவும் இருந்தால் நல்லது. ஆங்கிலத்தில் வாசிப்பதா தமிழிலா என்றும் சொல்லுங்கள். பெண் எழுத்து என்று தனியாகப் பிரிப்பது சரியா என்ற குழப்பமும் இருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அலமாரி முன் நின்று எண்ணினீர்கள் பாருங்கள், அதற்காகவே உங்களைப் பிடித்துவிட்டது. "நான் ஆண் பெண் பார்த்து வாசிப்பதில்லை" என்று சொல்லி நழுவுகிறவர்கள்தான் அதிகம். அகராதியை மறைக்காமல் சொன்னதும் பிடித்தது.

எந்த மொழியில்? உங்களுக்கு எதில் ஓடுமோ அதில். தனியாகப் பிரிக்கலாமா என்ற விவாதத்தை ஐம்பது புத்தகம் வாசித்த பிறகு வைத்துக்கொள்வோம். நாலு புத்தகத்துக்கு அவ்வளவு பெரிய கவலை வேண்டாம்.

ஆனால் அந்த 'ஒரே ஒரு வேண்டுகோள்' மூன்று நாளாக என்னை உறுத்துகிறது.

பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சின் முதல் நூல் 1985இல் வந்தது. 'போருக்குப் பெண்முகம் இல்லை' என்ற பொருள் வரும் தலைப்பு. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையில் ஏறத்தாழ பத்து லட்சம் பெண்கள் இருந்தார்கள். குறிபார்த்துச் சுட்டவர்கள், விமானம் ஓட்டியவர்கள், கண்ணிவெடி அகற்றியவர்கள். அவர்களில் நூற்றுக்கணக்கானவர்களை வீடு வீடாகத் தேடிப்போய், ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். ஒரு வீட்டில் கணவன் மனைவி இருவருமே போரில் இருந்தவர்கள். மனைவி பேச உட்கார்கிறார். கணவர் மனமில்லாமல் அடுக்களைக்குப் போகிறார். போகும்போது, நான் சொல்லிக்கொடுத்த மாதிரி சொல், அழுகையும் பெண்களின் அற்ப விஷயங்களும் வேண்டாம் என்கிறார். அழகாக இருக்க ஆசைப்பட்டது, சடையை வெட்டியபோது அழுதது, இதெல்லாம் கூடாதாம். முந்தைய இரவு முழுக்க அந்தப் போரின் அதிகாரபூர்வ வரலாற்றை வைத்து மனைவிக்குப் பாடம் நடத்தியிருக்கிறார் மனிதர்! அவரும் கெட்டவர் இல்லை. மனைவி தப்பாக ஏதும் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தவர்.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் அந்த மனிதரின் ஞாபகம்தான் வந்தது. புலம்பல் குறைவாக, தகவல் நிறைவாக. எது தகவல், எது புலம்பல் என்பதை வாசிப்பதற்கு முன்பே யார் ஐயா முடிவு செய்தது?

தகவலை அள்ளிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் என்ன கிடைத்தது? அமெரிக்க உயிரியலாளர் ரேச்சல் கார்சன் 1962இல் 'மௌன வசந்தம்' எழுதினார். டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகள் மண்ணிலும் நீரிலும் பறவைகளிலும் எப்படிச் சேர்கின்றன என்று அடுக்கடுக்காகச் சான்று காட்டினார். சான்றுக் குறிப்புகளே ஐம்பது பக்கத்துக்கு மேல். அவருக்குக் கிடைத்த பட்டம், உணர்ச்சிவசப்பட்டுக் கூச்சலிடும் பெண்! அதை எழுதும்போது அவருக்குப் புற்றுநோய். வெளியே சொல்லவில்லை. 1964இல் இறந்துபோனார். அந்த நூலில் எங்கே புலம்பல் இருக்கிறது என்று தேடி எனக்கு எழுதுங்கள்.

உங்களை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க எனக்கு அருகதை இல்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரைகள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு செவிலியர் இரவுப் பணி பற்றி எழுதி அனுப்பியிருந்தார். நோயாளிகளின் எண்ணிக்கை, மருந்துத் தட்டுப்பாடு, பணிநேரம் எல்லாம் இருந்தன. நடுவில் நாலு பத்தி வேறு மாதிரி. அவருக்குக் கைக்குழந்தை. பின்னிரவில் பால் கட்டி, சீருடை நனைந்துவிடும். கழுவுதொட்டியில் பீய்ச்சிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, அடுத்த படுக்கைக்கு ஊசி போடப் போவார். குழாயை முழுதாகத் திறந்துவைப்பாராம், யாருக்கும் சத்தம் கேட்கக் கூடாது என்று. அந்த நாலு பத்தியையும் அடித்தேன். ஓரத்தில் 'கட்டுரைக்குத் தேவையில்லை' என்று சிவப்பு மையில் எழுதினேன். "சரி சார், உங்கள் விருப்பம்" என்று ஒரு வரி பதில் வந்தது. அதன்பின் அவர் எதுவும் அனுப்பவில்லை. அச்சேறிய கட்டுரையில் இருந்த எண் ஒன்றுகூட இன்று எனக்கு ஞாபகம் இல்லை. திறந்துவைத்த குழாய் மட்டும் இருக்கிறது.

சரி, பட்டியல். மேலே சொன்ன இரண்டோடு அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியன் எழுதி 2005இல் வந்த, கணவரின் மரணத்துக்குப் பிந்தைய ஓராண்டைப் பற்றிய நூல். நீங்கள் கேட்ட தகவல் அதில் கொட்டிக் கிடக்கிறது: பிரேதப் பரிசோதனை அறிக்கை, மருத்துவ நூல்கள், எந்த மணிக்கு என்ன நடந்தது என்ற கணக்கு. கூடவே, திரும்பி வந்தால் வேண்டியிருக்குமே என்று அவருடைய செருப்பைக் கொடுக்க மனமில்லாமல் நிற்கும் இடமும். எதைப் பிரித்து எடுப்பீர்கள்? ஹாரியட் ஜேக்கப்ஸ் அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பி, நிமிர்ந்து நிற்க முடியாத பரண் ஒன்றில் ஏறத்தாழ ஏழு வருடம் ஒளிந்திருந்தவர். 1861இல் புனைபெயரில் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றை அவர்தான் எழுதினார் என்பதை ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்ள 1980கள் வரை ஆயிற்று. வங்காளத்தில் ராஸசுந்தரி தேவியின் தன்வரலாறு 'ஆமார் ஜீபன்' ('என் வாழ்க்கை'). கணவரின் சுவடியிலிருந்து ஓர் ஏட்டை உருவி அடுக்களையில் ஒளித்துவைத்து, மகன் எழுதிய எழுத்தோடு ஒப்பிட்டுத் தானே வாசிக்கக் கற்றவர். மராத்தியில் பேபி காம்ப்ளேயின் தன்வரலாறு. எழுதியதைக் கணவர் கண்ணில் படாமல் இருபது வருடம் மறைத்துவைத்திருந்தார். தமிழில் பாமாவின் தன்வரலாறு 'கருக்கு', 1992. அதன் பேச்சுமொழி முதல் பத்துப் பக்கம் உங்களைத் தடுக்கலாம். விடாதீர்கள்.

எண்ணுவீர்கள் என்று தெரியும். ஏழுதான் வரும். மீதி மூன்றை உங்கள் தோழியிடம் கேளுங்கள். கேட்கும்போது அந்த வேண்டுகோளை மட்டும் சேர்க்காதீர்கள்.