137 முறை போய்த் திரும்பிய லான்காஸ்டர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: போர் விமானங்களைப் பற்றிய புத்தகம் ஒன்றில், மூக்கு முழுக்க வரிசை வரிசையாகக் குண்டுப் படம் வரைந்திருந்த இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான லான்காஸ்டர் ஒன்றைப் பார்த்தேன். 137 முறை தாக்குதலுக்குப் போய் வந்ததாம். அத்தனை முறையும் ஒரே குழுவா போனது?
- கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: இல்லை, மகளே. பல குழுக்கள். நீங்கள் பார்த்தது ஆர்5868 என்ற எண்ணுள்ள விமானம். லண்டன் ஹெண்டனில் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் ஒரு வீரருக்கு 30 பயணம் ஒரு சுற்று. அதை உயிரோடு முடித்தவரைப் பயிற்சிப் பள்ளிக்கு ஆசிரியராக அனுப்பிவிடுவார்கள். திரும்பவும் அழைத்தால் 20 பயணம் கொண்ட இரண்டாவது சுற்று. மனிதருக்கு இப்படி ஒரு கணக்கு இருந்தது, விமானத்துக்கு இல்லை. ஒரு குழு விடுப்பில் போனால் இன்னொரு குழு அதே விமானத்தில் ஏறும்.

ஆர்5868-ஐக் கட்டியது மான்செஸ்டரில் இருந்த மெட்ரோபாலிடன்-விக்கர்ஸ் தொழிற்சாலை. 1942 ஜூனில் லிங்கன்ஷயரின் ஸ்காம்ப்டன் தளத்தில் இருந்த 83-வது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவுக்கு வந்தது. அங்கே அதன் பெயர் 'கியூ ஃபார் குவீனி'. ஜூலையில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தின் மேல் முதல் தாக்குதல். ஆகஸ்டில் அந்த ஸ்குவாட்ரனைப் 'பாத்ஃபைண்டர்' படையில் சேர்த்தார்கள். பின்னால் வரும் விமானங்களுக்கு இலக்கை வண்ண வெளிச்சத்தால் அடையாளம் காட்டுவது அந்தப் படையின் வேலை.

1943 செப்டம்பரில் விமானம் ஆஸ்திரேலியர்களின் 467-வது ஸ்குவாட்ரனுக்குக் கைமாறி 'எஸ் ஃபார் ஷுகர்' ஆனது. நவம்பர் 26 இரவு பெர்லினுக்குப் போனபோது இன்னொரு லான்காஸ்டரோடு வானத்திலேயே உரசியது. இறக்கை நுனியில் ஐந்தடி போய்விட்டது. அந்த நிலையிலும் விமானி அதை இங்கிலாந்து வரை கொண்டுவந்து இறக்கினார். செப்பனிட்டு மறுபடி பறக்க 1944 பிப்ரவரி ஆயிற்று. பெர்லின் மீதான தொடர் தாக்குதலில் லான்காஸ்டர்கள் மடமடவென்று விழுந்துகொண்டிருந்த குளிர்காலம் அது. அதன் பெரும்பகுதியை இந்த விமானம் பழுதுபார்க்கும் கூடத்தில் கழித்தது. அந்த மோதல்தான் இதைப் பிழைக்க வைத்தது என்பது என் எண்ணம்.

1944 மே மாதம் பெல்ஜியத்தின் பூர்-லியோபோல்ட் மீது நடந்த தாக்குதலை நூறாவது பயணமாகக் கொண்டாடினார்கள். போர் முடிந்த மாதத்தில் இதே விமானம் ஜெர்மனியிடம் சிறைப்பட்டிருந்த வீரர்களை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பியது.

விமானத்தை விட்டுப் பிரியாமல் இருந்தவர்கள் தரைப் பணியாளர்கள். மழையிலும் பனியிலும் திறந்த வெளியில் ஏணி போட்டு ஏறி நான்கு மெர்லின் எஞ்சின்களையும் கழற்றி மாட்டியவர்கள். விமானம் திரும்பாத விடியற்காலையில் காலி நிறுத்துமிடத்தில் காத்து நின்றவர்களும் அவர்கள்தான். அவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால் நானாகவே சொல்கிறேன்.

கேள்வி: லான்காஸ்டர்களில் மிக அதிக முறை பறந்தது இதுதானா?
- பத்தாம் வகுப்பு மாணவர்

பதில்: இரண்டாவது இடம். இ.டி.888 என்ற விமானம் 140 முறை போனது. அதை 1947-ல் உடைத்துவிட்டார்கள். கட்டப்பட்ட 7,377 லான்காஸ்டர்களில் நூறு பயணத்தைத் தாண்டியவை சுமார் 35 மட்டுமே.

கேள்வி: லான்காஸ்டரில் பறந்த ஏழு பேரை எப்படித் தேர்ந்தெடுத்துக் குழுவாக்கினார்கள்? வாலில் உட்கார்ந்திருந்த துப்பாக்கி வீரருக்குத்தான் ஆபத்து அதிகம் என்கிறார்களே?
- ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்

பதில்: தேர்ந்தெடுக்கவே இல்லை! பயிற்சித் தளத்தில் விமானிகள், வழி கணிக்கும் நேவிகேட்டர்கள், குண்டு வீசுபவர்கள், ரேடியோ இயக்குபவர்கள், துப்பாக்கி வீரர்கள் என்று எல்லோரையும் ஒரு பெரிய கொட்டகையில் விட்டு, "நீங்களே குழு சேர்ந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். முகம் பிடித்தது, சிரித்துப் பேசினார், ஊர்க்காரர் என்று ஏதோ ஒரு காரணத்தில் சேர்ந்துகொண்டார்கள். விமானப் பொறியாளர் மட்டும் பிறகு, நான்கு எஞ்சின் விமானத்துக்கு மாறும்போது வந்து சேர்வார். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள், பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது. விமானத்துக்குள் தலைவர் விமானிதான். அவர் சார்ஜன்டாகவும் நேவிகேட்டர் அதிகாரியாகவும் இருந்தாலும் விமானி சொல்வதே கட்டளை. ராணுவத்தில் வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காத ஏற்பாடு இது.

வாலில் துப்பாக்கி வீரர் உட்கார்ந்த கூண்டைப் பற்றிச் சொல்கிறேன். அருங்காட்சியகத்தில் அதன் அருகில் நின்று பார்த்தபோது, தடித்த உடையோடு ஒரு ஆள் எப்படி உள்ளே நுழைந்தார் என்றே எனக்கு விளங்கவில்லை. கால் நீட்ட இடம் கிடையாது. பாராசூட்டை உள்ளே வைத்துக்கொள்ளவும் வழியில்லை. அது முதுகுக்குப் பின்னால், கதவுக்கு வெளியே விமான உடலில் மாட்டியிருக்கும். விமானம் தீப்பற்றினால் கதவைத் திறந்து, கையை விட்டு அதை எடுத்து, மார்பில் பூட்டி, கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, பின்புறமாக வெளியே விழ வேண்டும். குளிரோ மைனஸ் 40 டிகிரி வரை போகும். கண்ணாடியில் படியும் சிறு புள்ளிகூட எதிரி விமானம் போலத் தோன்றும் என்பதால், அந்தக் குளிரிலும் முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பறந்தவர்கள் பலர்.

ஆனாலும் முன்னால் இருந்தவர்கள் நிலை மேல் என்று சொல்ல மாட்டேன். 1943 இலையுதிர்காலம் முதல் ஜெர்மன் இரவுப் போர் விமானங்களில் மேல்நோக்கிச் சுடும் பீரங்கிகள் வந்துவிட்டன. லான்காஸ்டரின் வயிற்றுக்குக் கீழே இருட்டில் சத்தமில்லாமல் வந்து, இறக்கையில் உள்ள பெட்ரோல் தொட்டியைக் குறிவைப்பார்கள். அடிப்பக்கத்தில் காவலுக்குப் பெரும்பாலான லான்காஸ்டர்களில் யாரும் இல்லை. குதிப்பதற்கு மூக்கின் தரையில் இருந்த வழியின் அகலம் 22 அங்குலம். ஹாலிஃபாக்ஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தில் அது 24. அடிபட்ட ஹாலிஃபாக்ஸிலிருந்து உயிர் தப்பியவர்களின் விகிதம் லான்காஸ்டரைவிட மிக அதிகம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வழியை அகலப்படுத்தியிருக்கலாம்.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள்.

கேள்வி: நகரங்களை எரித்த விமானத்தைக் கொண்டாடுவது எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கு உறுத்தவில்லையா?
- ஒரு வாசகி

பதில்: உறுத்துகிறது, அம்மா. உறுத்த வேண்டும். 1943 ஜூலையில் ஹாம்பர்க்கில் சுமார் 37,000 பேர் மாண்டார்கள். டிரெஸ்டனில் 1945 பிப்ரவரியில் இறந்தவர்கள் 25,000 பேர் வரை என்று அந்நகரம் நியமித்த வரலாற்றாசிரியர் குழு 2010-ல் முடிவு சொன்னது. பெரும்பாலோர் வீட்டில் இருந்தவர்கள்.

ஆர்5868-ன் மூக்கில், ஜெர்மன் எல்லைக்குள் எந்த எதிரி விமானமும் பறக்காது என்ற ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங்கின் வீறாப்பையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பயணத்துக்கு ஒன்றாக வரைந்த குண்டுப் படக் குறிகளைப் பாருங்கள், எல்லாம் ஒரே அளவு. பிரான்சில் படை இறங்குவதற்கு முன்பு ரயில் நிலையத்தைத் தாக்கினாலும் ஒரு குறி, ஒரு நகரத்தின் குடியிருப்புகளைத் தாக்கினாலும் அதே குறி. அதனால்தான் 137 என்ற எண்ணை மட்டும் சொல்லி வியப்பது எனக்குப் பிடிப்பதில்லை. ஒவ்வொரு குறிக்கும் ஒரு தேதி, ஒரு ஊர், ஏழு பெயர்கள் உண்டு. அவற்றோடு சேர்த்துச் சொன்னால்தான் இருபக்கமும் நியாயம் கிடைக்கும். லண்டன் கிரீன் பார்க்கில் 2012-ல் திறந்த நினைவகத்தில், குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வரி பொறித்திருக்கிறது. அந்த வரி அங்கே இருப்பது எனக்கு ஆறுதல்.

கேள்வி: ஒரு விமானத்தின் குழுவினரைப் பற்றி நானே தேட வேண்டுமானால் எங்கே தொடங்குவது?
- வரலாற்று ஆசிரியர்

பதில்: ஸ்குவாட்ரனின் செயல்பாட்டுப் பதிவேட்டில் தொடங்குங்கள், ஐயா. லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' என்ற வரிசையில் இருக்கிறது. ஒவ்வொரு இரவுக்கும் விமான எண், ஏழு பெயர்கள், புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம், விமானி வந்து சொன்ன குறிப்பு ஆகியவை தட்டச்சில் இருக்கும். திரும்பாத விமானத்துக்குப் புறப்பட்ட நேரம் மட்டும் இருக்கும். வீரரின் சொந்தப் பறப்பேடு குடும்பத்திடம் இருந்தால் இன்னும் நல்லது. அதில் இரவுத் தாக்குதல்கள் சிவப்பு மையில், பகல் தாக்குதல்கள் பச்சை மையில் இருக்கும். இறந்தவர்களைத் தேட, லிங்கனில் உள்ள சர்வதேச குண்டுவீச்சுப் படை மையத்தின் பட்டியலை இணையத்திலேயே பார்க்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். 'எஸ் ஃபார் ஷுகர்' போன்ற எழுத்தை வைத்துத் தேடாதீர்கள். ஒரு விமானம் விழுந்தால் அதே எழுத்தைப் புதிதாக வந்த விமானத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரே எழுத்தில் மூன்று நான்கு விமானங்கள் வந்து உங்களைக் குழப்பும். ஆர்5868 போன்ற விமான எண்ணையும் தேதியையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.