வெப்பநிலை ஒன்றுதான், ஒரு நாள் மட்டும் ஏன் உடம்பு தாங்குவதில்லை?

இரண்டு நாளும் 34 டிகிரிதான். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை, மறுநாள் தலை சுற்றியது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் காற்றின் ஈரப்பதம்.

உடம்பின் உள்சூடு 37 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். வெயிலில் அதைக் காப்பது வியர்வை. ஆனால் வியர்வை வழிவதால் உடம்பு குளிராது, ஆவியானால்தான் குளிரும். புறங்கையை நனைத்து ஊதிப் பாருங்கள், சட்டென்று சில்லிடும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சரியாக ஆவியாகாது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், உடம்போ சூடாகிக்கொண்டே போகும். சூட்டை வெளியேற்ற, தோலுக்குக் கூடுதல் ரத்தம் பாய்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. ரத்த அழுத்தம் இறங்கி மூளைக்கு ரத்தம் குறையும்போதுதான் தலை சுற்றுகிறது.

இதைச் சாதாரணக் களைப்பு என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பவாதம். உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது.

குளிரில் உடம்புக்குள் நிகழ்வது வெயிலில் நிகழ்வதற்கு நேர்மாறு: ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். இதய நோய் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

அப்புறம், வெயிலும் குளிரும் மட்டுமல்ல, இடிமழையும் உடம்பைப் பாதிக்கலாம்; ஆஸ்துமாவைத் தூண்டலாம். 2016 நவம்பரில் மெல்போர்னில் புயல்மழையின்போது புல் மகரந்தம் நுண்துகள்களாக உடைந்து காற்றில் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள்; 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதற்குமுன் ஆஸ்துமா இருந்ததாகவே தெரியாது.