கிண்ணத்தில் மூன்று வடு

வணக்கம். சிலுவைப்போர்க் காலத்து ஆக்கர் (இன்றைய இஸ்ரேல் கரை) துறைமுகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வரி உறுத்துகிறது. இன்றைய துருக்கியிலுள்ள அந்தியோக்கியாப் பக்கத்திலிருந்தும் சைப்ரஸிலிருந்தும் மண் கிண்ணங்கள் அங்கே வந்து இறங்கின என்கிறீர்கள். மண் எங்கும் இருக்கிறது, குயவரும் எங்கும் உண்டு. வழியிலேயே உடையக்கூடிய, பெரிய விலையும் இல்லாத சாமானை எவன் கப்பலேற்றுவான்? பானை வாங்க நாங்கள் அடுத்த ஊருக்குக்கூடப் போனதில்லை.

ஒரு வாசகர், மானாமதுரை

அன்புள்ள நண்பருக்கு,

மானாமதுரைக்காரர் இதைக் கேட்கலாமா? நல்ல கடம் வேண்டுமென்றால் வித்வான்கள் உங்கள் ஊரைத்தானே தேடி வருகிறார்கள்! அவர்கள் ஊரிலும் மண் இருக்கிறது, ஆனால் அந்த நாதம் வராது.

பெய்ரூட் சட்டியின் கதையும் இதேதான். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அங்கே செய்த சமையல் சட்டிகள் மெல்லியவை. உள்ளே அடிப்பக்கம் ஈயம் கலந்த கண்ணாடிப் பூச்சு இருக்கும். அடுப்புச் சூட்டைத் தாங்குகிற மண் அது. ஆக்கரிலும் சைப்ரஸிலும் தோண்டினால் அந்தச் சட்டி கிடைக்கிறது.

சரி, நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. ஆக்கரில் ஹாஸ்பிடலர் என்ற கிறித்தவத் துறவி வீரர் சபையின் வளாகத்தில், பூச்சே இல்லாத முரட்டுக் கிண்ணங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. உள்ளூர் மண், அவசரத்தில் வனைந்த வேலை. பந்திக்குப் பந்தி சாப்பாடு போட அது போதும். சர்க்கரை ஆலைகளில் பாகை ஊற்றி உறையவைத்த மண் கூம்பு அச்சும் அப்படித்தான். அடியில் ஓட்டை, கீழே பாகு வடியும் சாடி. ஆலைக்குப் பக்கத்திலேயே செய்து, உடைந்ததை அங்கேயே கொட்டினார்கள்.

கடல் தாண்டியது பெரும்பாலும் பூச்சுக் கிண்ணம். அந்தியோக்கியாவின் துறைமுகமான செயின்ட் சிமியோன் பெயரில் ஒரு வகையே உண்டு. சுட்டால் சிவக்கும் மண்ணில் வனைந்து, வெள்ளைக் களிமண் குழம்பில் முக்கி, கூர்முனையால் கீறிப் படம் போட்டு, பச்சையும் மஞ்சள்பழுப்பும் தீற்றி, மேலே ஈயப் பூச்சு கொடுப்பார்கள். 1930களில் லியோனார்ட் வூலி என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் அங்கே அல்மினாவில் தோண்டியபோது, சூளையில் கெட்டுப்போன துண்டுகளும் கிடைத்தன. கெட்டதை எவனும் இறக்குமதி செய்யமாட்டான் இல்லையா? அங்கேயேதான் செய்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்துக் கிண்ணங்கள் பலவற்றின் உட்புறத்தைப் பாருங்கள். நடுவில் மூன்று சின்ன வடு இருக்கும். எனக்கு ஓவியத்தைவிட அதுதான் பிடிக்கும். பூச்சு போட்ட கிண்ணங்களை அப்படியே அடுக்கிச் சுட்டால், பூச்சு உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொன்றுக்கும் இடையில் சுட்ட மண்ணாலான ஒரு குட்டி முக்காலி வைப்பார்கள். சூளையிலிருந்து எடுத்ததும் தட்டிப் பெயர்த்தால் மூன்று கால் தடமும் நின்றுவிடும். பைசாந்தியப் பகுதியில், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின் நிலத்தில், இந்த வித்தை 13ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் பரவியது. கிண்ணத்தின் முகத்திலேயே வடு விழுகிறதே என்று பட்டறைக்காரர் கவலைப்படவில்லை. ஒரே நெருப்பில் நிறைய வெந்தால் விறகு மிச்சம், சரக்கும் மலிவு. விற்கத்தான் செய்தார், வேறெதற்கு?

அப்புறம், கிண்ணத்தை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம். சாடிகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே சொருகலாம். கிரேக்கத்தின் வட ஸ்போரடீஸ் தீவுகளருகே மூழ்கிய 12ஆம் நூற்றாண்டுக் கப்பலில், கீறல் வேலை செய்த தட்டுகள் 1,000க்கு மேல் இருந்தன. பலவும் முழுசாக!

உடைவதைப் பற்றிச் சொன்னீர்களே. துருக்கிக் கரையில் செர்ச்சே லிமானியில் 1025 வாக்கில் மூழ்கிய கப்பலை 1977 முதல் 1979 வரை தோண்டினார்கள். அதில் பூச்சுக் கிண்ணங்களும் இருந்தன, ஒயின் சாடிகளும் இருந்தன. சாடிகளில் உரிமையாளர்கள் கீறிய அடையாளங்கள். காலி ஆனதும் தூக்கிப் போடாமல் திரும்பத் திரும்ப நிரப்பியிருக்கிறார்கள். அவற்றோடு 3 டன் கண்ணாடி. அதில் சுமார் 1 டன், உருக்கி மறுபடி ஊதுவதற்காக ஏற்றிய உடைசல். உடைந்ததையே கப்பல் கட்டி ஏற்றியவர்களிடம் போய், உடையுமே என்று நீங்கள் பயமுறுத்துகிறீர்கள்.

அன்புடன்.